குதிரைத்திறனைக் கூட்டினால் தண்ணீர் ஏறாது

"மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் ஏறல." சித்திரை வெயில் தொடங்கியதும் கிணறு உள்ள வீடுகளில் இந்தப் பேச்சும் தொடங்கிவிடும். மெக்கானிக் வருவார். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், மேல் பிளக்கைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். "மோட்டார் வீக்காயிடுச்சும்மா. அரை எச்.பி. இனிமே தாங்காது, ஒண்ணாப் போட்டுருங்க." புது மோட்டார் வந்து உட்காரும். சில வீடுகளில் ஒரு வாரம் நன்றாக ஓடும். சில வீடுகளில் அன்றைக்கே பழைய கதை. கழற்றிய மோட்டார் காயலான் கடைக்குப் போயிருக்கும். அதில் பழுதே இருந்திருக்காது.

இந்த அநியாயம் பல காலமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் எடுக்கும், மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக் பம்புகளைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிள் வேறு கதை. கடலோர மணற்பாங்கிலும் காவிரிப் படுகையிலும் உறை இறக்கிய ஆழமில்லாத கிணறுகளில் இன்றைக்கும் இந்தப் பம்புதான் ஓடுகிறது. இதில் தண்ணீர் ஏறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் மோட்டார் அல்ல. பம்பின் வாயிலிருந்து கிணற்றுத் தண்ணீர் வரை தொங்குகிற அந்த இருபது அடி சக்‌ஷன் பைப். அங்கே குனிந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, அவ்வளவுதான்.

தூக்குவது காற்று

பம்புக்குள் இருப்பது எளிய சங்கதி. நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுழலும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம். அதைச் சுற்றிப் படிப்படியாக அகன்றுபோகும் வார்ப்பிரும்புக் கூடு. இம்பெல்லர் தன் நடுவில் உள்ள தண்ணீரை விளிம்புக்கு வீசியடிக்கிறது. அந்த வேகம் கூட்டுக்குள் அழுத்தமாக மாறி, தண்ணீர் டெலிவரி பைப்பில் ஏறுகிறது. தண்ணீர் விலகிய நடுப்பகுதியில் அழுத்தம் குறைகிறது. கிணற்றுத் தண்ணீரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் காற்று, தன் எடையால் தண்ணீரைக் குழாய்க்குள் அழுத்தி அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கி ஏற்றிவிடுகிறது. சக்‌ஷன் பக்கத்தில் பம்ப் செய்கிற வேலை இடம் ஒதுக்கிக் கொடுப்பது மட்டும்தான்.

ஆக, கீழேயிருந்து பம்பின் வாய் வரைக்கும் தண்ணீரைக் கொண்டுவருவது மோட்டாரின் பலம் அல்ல. காற்றின் பலத்துக்கோ ஓர் உச்சவரம்பு உண்டு. கடல் மட்டத்தில் காற்று தாங்கக்கூடிய தண்ணீர்த்தூண் 10.33 மீட்டர், அதாவது 34 அடி. இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 1643-இல் பாதரசத்தை வைத்துக் காட்டிய 760 மில்லிமீட்டரும் இதே எடைதான். மேலே 1 எச்.பி. இருந்தாலும் 100 எச்.பி. இருந்தாலும் இந்த 34 அடியை ஒரு அங்குலம்கூடக் கூட்ட முடியாது.

அந்த 34 அடியும் முழுசாகக் கைக்கு வருவதில்லை. 30 டிகிரி வெயிலில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 0.43 மீட்டரைத் தின்றுவிடும். குழாய்ச் சுவரின் உராய்வு, குழாய் வளையும் இடத்து எல்போ, அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற ஃபுட் வால்வு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பம்பின் வாயில் தண்ணீர் வந்து சேரும்போது சுமார் 2 மீட்டர் அழுத்தமாவது மிச்சம் இருந்தால்தான் இம்பெல்லர் ஒழுங்காக வேலை செய்யும். இதெல்லாம் போக, நம்பி எடுக்கக்கூடியது 20 முதல் 25 அடி. உதகமண்டலம் மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்றே லேசு. அங்கே காற்று தாங்குவது 8 மீட்டருக்கும் குறைவு. சமவெளியில் 22 அடிக்கு ஓடிய பம்பை அங்கே கொண்டுபோனால் 15, 16 அடியிலேயே திணறும்.

இந்த 20, 25 அடியை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். பம்பின் மையத்திலிருந்து தண்ணீரின் மேற்பரப்பு வரை, செங்குத்தாக. கிணற்றின் மொத்த ஆழம் இதில் சேராது. ஃபுட் வால்வு தண்ணீருக்குள் எத்தனை அடி முங்கியிருக்கிறது என்பதும் சேராது. "ஃபுட் வால்வை இன்னும் அஞ்சடி இறக்கினா மோட்டாருக்கு லோடு" என்று பயப்படுவதில் அர்த்தமில்லை. நைலான் கயிற்றில் ஒரு போல்ட்டைக் கட்டி இறக்கி, நனைந்த இடத்தைக் கழித்துவிட்டு அளந்தால் போதும். ஆனால் காலையில் ஊறி நிறைந்திருக்கும்போது அளக்கக் கூடாது. மோட்டார் அரை மணி நேரம் ஓடிய பிறகு, மட்டம் இறங்கி நிற்கும்போது அளந்ததுதான் கணக்கு. காலையில் 17 அடியில் இருக்கும் தண்ணீர் ஓட ஓட 24-க்குப் போகிற கிணறுகள் உண்டு. "முதல்ல நல்லா வருது, அப்புறம் சத்தம் மாறுது, நின்னுடுது" என்ற புகாருக்கு முதலில் தேட வேண்டிய காரணம் இது.

ஊற்றுகிற தண்ணீர்

இம்பெல்லர் பம்புக்கு ஏன் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 25 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் இம்பெல்லர், கூட்டுக்குள் காற்று இருந்தால் காற்றையும் அதே 25 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ளும். காற்று தண்ணீரைவிட 800 மடங்குக்கு மேல் லேசு. 25 மீட்டர் காற்றுத்தூண் என்பது 3 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். காற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சுற்றினாலும் கிணற்றுத் தண்ணீர் குழாய்க்குள் 3 சென்டிமீட்டர் ஏறும், அதற்கு மேல் ஏறாது. ஏர் லாக் என்று சொல்வது இதைத்தான்.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு ஊற்றினால் பாதிக் கோளாறு அப்போதே புரிந்துவிடும். 20 அடி நீளமுள்ள ஒரு அங்குலக் குழாய் 3 லிட்டர் பிடிக்கும். ஒன்றேகால் அங்குலம் 5 லிட்டர். ஒன்றரை அங்குலம் ஏழரை லிட்டரைத் தாண்டும். பம்பின் கூட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு லிட்டர். ஒன்றேகால் அங்குலக் குழாயில் இரண்டு வாளி ஊற்றியும் நிரம்பவில்லை என்றால் மேற்கொண்டு ஊற்றுவதில் பயனில்லை. ஊற்றியது கிணற்றுக்கே போய்க்கொண்டிருக்கிறது. மெதுவாக ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே, மெயினை அணைத்த நிலையில், பின்பக்க விசிறியைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் இம்பெல்லர் இடுக்கில் ஒளிந்திருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும். குமிழி நின்று, வாய் வரை தண்ணீர் நின்ற பிறகு ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வில் கசிவு, அல்லது தண்ணீருக்கு மேலே குழாயில் எங்கோ கசிவு.

ஃபுட் வால்வில் கெடுவதற்கு அதிகம் கிடையாது. ரப்பர் அல்லது தோல் வைத்த ஒரு மூடி, அது உட்காரும் ஒரு வளையம், வெளியே ஒரு சல்லடை. மூடியின் அடியில் ஒரு மணல் துகளோ, நத்தையோ, வாளிக்கயிற்றின் நாரோ சிக்கினால் போதும், ராத்திரிக்குள் குழாய் காலி. குழாயின் மேல்முனையைப் பிடித்து அரையடி தூக்கித் தூக்கி இறக்கினால் சில சமயம் அது உதிர்ந்துவிடும். ரப்பர் விறைத்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஸ்பிரிங் இல்லாத வால்வு செங்குத்தாகத் தொங்கினால்தான் மூடும். சரிந்து கிணற்றுச் சுவரில் சாய்ந்திருந்தால் புது வால்வும் ஒழுகும். கடையில் வாங்கியதை அப்படியே மாட்டாமல், ஒரு அடிக் குழாயைத் திருகி, நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். புதிதிலேயே சொட்டுகிற வால்வுகள் தாராளமாக விற்கின்றன. சல்லடை ஓட்டைகளின் மொத்தப் பரப்பு, குழாயின் குறுக்குப் பரப்பைப் போலக் குறைந்தது மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கிணற்றின் தரையிலிருந்து ஒரு அடி மேலேயும், மிகக் குறைந்த மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி கீழேயும் அது தொங்க வேண்டும். மேலே கிடந்தால் தண்ணீர் சுழித்துக்கொண்டு காற்றையும் உள்ளே இறக்கிவிடும்.

செல்ஃப் பிரைமிங் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இதற்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வீடுகளில் அதிகம் ஓடுகிற அரை எச்.பி. பித்தளை இம்பெல்லர் பம்ப், கூட்டுக்குள் தேங்கியிருக்கும் தண்ணீரைக் காற்றோடு கலந்து கலந்து வெளியேற்றித்தான் குழாயைக் காலி செய்கிறது. அந்தக் கூட்டுத் தண்ணீரை முதல் தடவை நாம்தான் ஊற்ற வேண்டும். இந்தப் பம்பின் உயிர், இம்பெல்லருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள 0.1 மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் இருக்கிறது. மணல் கலந்த தண்ணீர் அதைத் தேய்த்து அகலமாக்கிவிட்டால் பம்ப் சுற்றும், அழுத்தம் வராது. பம்பையே குற்றம் சொல்ல நியாயமான இடம் இது ஒன்று. அப்போதும் மாற்ற வேண்டியது இம்பெல்லரும் தகடும்தான், மோட்டார் அல்ல.

நனையாத ஓட்டை

இப்போது சொல்லப்போவதைப் புரிந்துகொண்டால் மெக்கானிக்கையே கூப்பிட வேண்டியிராது என்றுகூடச் சொல்வேன். ஐந்து நிமிடம் தண்ணீர் நிற்கிறது, ஃபுட் வால்வு சரி. ஆனாலும் ஓட்டினால் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, டெலிவரியில் நுரையும் குமிழியுமாக இருக்கிறது, அல்லது மறுநாள் காலையில் மறுபடி ஊற்ற வேண்டியிருக்கிறது. மெக்கானிக் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்க்கிறார். எல்லாம் காய்ந்து கிடக்கிறது. "லீக்கேஜ் எதுவும் இல்லைங்க, மோட்டார்தான்" என்கிறார்.

காய்ந்து கிடப்பதில் வியப்பில்லை. மோட்டார் ஓடும்போது சக்‌ஷன் பைப்புக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இளநீர் ஸ்ட்ராவில் பாதி உயரத்தில் ஒரு கீறல் இருந்தால் என்ன நடக்குமோ அதேதான். கையில் ஈரம் படாது, வாய்க்கு இளநீரும் வராது. ஓடுகிற பம்பின் சக்‌ஷன் பக்கத்தில் ஈரத்தைத் தேடுவது, அது இருக்கவே முடியாத நேரத்தில் தேடுவது.

ஈரம் தெரியும் நேரம் மோட்டாரை நிறுத்திய உடனே வருகிறது. டெலிவரி பைப்பில் ஏறி நிற்கும் தண்ணீரின் எடை முழுவதும் அப்போது பம்பைத் தாண்டிச் சக்‌ஷன் பைப்பில் இறங்கி ஃபுட் வால்வின் மேல் உட்காரும். மேல்தொட்டி பம்பிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். ஒரு நிமிடம் முன்பு காற்றை உள்ளே வாங்கிய அதே ஓட்டை இப்போது தண்ணீரை வெளியே விடும். குழாய் முழுவதையும் துணியால் துடைத்து வைத்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்தி, முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். திருகு விளிம்பில் ஒரு முத்து திரண்டு நிற்கும். தாமதித்தால் தூண் வடிந்து அழுத்தம் போய்விடும், முத்தும் காய்ந்துவிடும்.

பம்புக்கு மேலே நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருந்தால் இந்த வித்தை பலிக்காது. மேல்தூணின் எடையை அது தடுத்துவிடும். அப்போது ஓடும்போதே பார்க்க வேறு வழி உண்டு. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, காற்று வீசாத நேரத்தில், இணைப்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். நேராக எழும் புகை ஓர் இடத்தில் குழாயை நோக்கி வளைந்து ஒட்டிக்கொள்ளும். மோட்டாரின் விசிறிக் காற்று புகையைக் கலைத்தால் ஷேவிங் நுரையைப் பூசலாம்; ஓட்டை உள்ள இடத்தில் நுரையில் குழி விழும். சந்தேகம் தீர, அந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கே பார்ப்பது? முதலில் பம்பின் வாயில் திருகியிருக்கும், வெளிமரை உள்ள பிளாஸ்டிக் இணைப்பான எம்.டி.ஏ. காற்றுப் புகும் இடங்களில் இதற்கு நிகர் எதுவும் இல்லை; அதற்குப் பின்னால் ஒரு சங்கிலியே இருக்கிறது. ஒரு நாள் கிணற்றில் தண்ணீர் வற்றி, பம்ப் இருபது நிமிடம் வெறுமனே ஓடியிருக்கும். கூட்டுக்குள் இருந்த ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடேறிக் கொதிக்கும். 80 டிகிரி வாக்கிலேயே பி.வி.சி. இளகத் தொடங்கும். திருகு மரை நெளியும், ஆறிய பிறகு நெளிந்தபடியே இறுகும். மறுநாள் கிணறு ஊறிவிடுகிறது, ஆனால் பம்ப் எடுக்கவில்லை. வீட்டார் சொல்வது, "அன்னைக்கு ட்ரையா ஓடினதுல மோட்டார் போயிடுச்சு." போனது முப்பது ரூபாய்ச் சாமானாக இருக்கலாம். மறுபடி போடும்போது பம்பின் வாயில் ஓர் அடி நீள ஜி.ஐ. நிப்பிளை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்த் துண்டைத் திருகிவிட்டு, அதற்கு அப்புறம் பி.வி.சி.க்கு மாறினால் சூடு அவ்வளவு தூரம் வந்து சேராது. டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்றாவது சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும்.

அடுத்தது குழாயைக் கழற்றி மாட்ட உதவும் யூனியன் இணைப்பின் ரப்பர் வளையம், தண்ணீர் ஊற்றும் பிளக்கின் வாஷர், பழைய ஜி.ஐ. குழாயாக இருந்தால் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் பகுதியில் துருவால் விழுந்த ஊசித்துளை. அப்புறம் இம்பெல்லரைச் சுற்றுகிற தண்டான ஷாஃப்ட். ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கிற மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பில், நிறுத்தியதும் பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சொட்டினால் சீல் போய்விட்டது. விட்டுவைத்தால் அந்த ஈரம் பேரிங்குக்கும், பிறகு காயிலுக்கும் போகும். அப்போது நிஜமாகவே மோட்டார் செலவு வரும். சீலுக்குப் பதில் கிளாண்ட் கயிறு போட்ட பழைய பம்புகளில் நிலைமை தலைகீழ்: ஓடும்போது நிமிடத்துக்கு 30 முதல் 60 சொட்டு விழுந்தால்தான் கயிறும் ஷாஃப்ட்டும் பிழைக்கும். சொட்டே கூடாது என்று நட்டை முடுக்குபவர்கள் ஷாஃப்ட்டில் பள்ளம் விழவைக்கிறார்கள்.

ஓட்டையே இல்லாமல் காற்று சேர்கிற ஓர் அமைப்பும் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். குழாய் கிணற்றிலிருந்து ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, மறுபக்கம் கீழே இறங்கித் தரையில் இருக்கும் பம்புக்கு வரும். சுவருக்கு மேலே இருக்கும் எல்போதான் உச்சி. தண்ணீரில் கரைந்த காற்று குறைந்த அழுத்தத்தில் பிரிந்து வந்து அந்த உச்சியில் தங்கும். பம்பின் பிளக்கில் எவ்வளவு ஊற்றினாலும் அங்கே உள்ள காற்று நகராது. சக்‌ஷன் பைப் பம்பை நோக்கி ஏறிக்கொண்டே வர வேண்டும், பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது. சுவரில் துளையிட்டுக் குழாயைக் கொண்டுவரலாம். மனம் வராவிட்டால் உச்சியில் ஒரு மூன்று வழி 'டீ' இணைப்பும் பிளக்கும் போட்டு அங்கிருந்து தண்ணீர் ஊற்றலாம்.

ஒரு எச்.பி. போட்டால் என்ன ஆகும்

ஆரம்பத்தில் சொன்ன வீட்டுக்கு வருவோம். கடலோர ஊர், மே மாதம், ஓடும்போது தண்ணீர் 22 அடியில், அதாவது 6.7 மீட்டரில். குழாயின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். எல்போ, ஃபுட் வால்வின் தடையையும் குழாய் நீளமாக மாற்றிக் கூட்டினால் மொத்தம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை எச்.பி. பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் எடுக்கும்போது இந்தக் குழாயில் உராய்வு 0.7 மீட்டர் போலத்தான். 10.33-இல் 6.7, 0.7, 0.43 எல்லாம் போக இரண்டரை மீட்டர் மிஞ்சுகிறது. பம்ப் தட்டுத்தடுமாறி ஓடும்.

இப்போது ஒரு எச்.பி. வந்து நிமிடத்துக்கு 60 லிட்டர் எடுக்கப் பார்க்கிறது. ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு இரண்டு மடங்காவதில்லை, மூன்றரை மடங்கைத் தாண்டும். 12 மீட்டருக்கு 2.4 மீட்டர் போய்விடும். 6.7 + 2.4 + 0.43 = 9.53. மிச்சம் 0.8 மீட்டர். பம்பின் வாயில் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவிக்குமிழியாகும். குமிழிகள் இம்பெல்லருக்குள் போய் நொறுங்கும். ஜல்லியைக் கூட்டுக்குள் போட்டு உருட்டுவது மாதிரி சத்தம் வரும். நாளடைவில் இம்பெல்லரில் அரித்த குழிகள் விழும். அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த தண்ணீரை வாங்குவது இப்படித்தான்.

அதே கிணறு, அதே 60 லிட்டர், குழாயை மட்டும் 40 மில்லிமீட்டருக்கு மாற்றினால் உராய்வு 2.4-லிருந்து கால் மீட்டருக்கு இறங்கும். மிச்சம் ஏறக்குறைய 3 மீட்டர், பம்ப் நிம்மதியாக ஓடும். 32 மில்லிமீட்டர் போட்டாலே 0.7-க்கு வந்துவிடும். பம்பின் வாய் என்ன அளவோ அதற்கு ஒரு சைஸ் பெரிதாகச் சக்‌ஷன் பைப் போடச் சொல்வது இதனால்தான். ஆனால் கடைக்காரர் பம்பின் வாயை அளந்து அதே சைஸைக் கொடுக்கிறார், சில சமயம் "உள்ள கெடக்குற பைப்பே போதும்" என்று அதையும் விட்டுவிடுகிறார்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சாதாரண இம்பெல்லர் பம்பில், ஓடிக்கொண்டிருக்கும்போது டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். பாதி மூடியதும் ஜல்லிச் சத்தம் அடங்கி ஓட்டம் சீரானால், சக்‌ஷன் பக்கம் அவ்வளவுதான் தாங்குகிறது என்று அர்த்தம். பித்தளை இம்பெல்லர் செல்ஃப் பிரைமிங் பம்பில் மட்டும் வால்வை அதிகம் மூடக் கூடாது. அது மற்றதுக்கு நேரெதிர். மூட மூட மோட்டாருக்குச் சுமை ஏறி, முழுக்க மூடினால் உச்சத்தைத் தொடும்.

ஒரு முள்

இருந்தாலும், அடிக்கடி தகராறு செய்கிற பம்ப் என்றால் சக்‌ஷன் வாயில் ஒரு வேக்வம் கேஜை, அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் அளவியைப் பொருத்திவிடுவதே மேல். 0 முதல் 760 மில்லிமீட்டர் பாதரசம் வரை காட்டும் சாதாரண கேஜ் போதும். பல பம்புகளில் வாயருகே இதற்கென்றே கால் அங்குலத் துளையும் பிளக்கும் இருக்கும். ஒரு மீட்டர் தண்ணீர் 73.5 மில்லிமீட்டருக்குச் சமம். தண்ணீர் 5 மீட்டரில் இருந்து உராய்வு 0.6 மீட்டர் என்றால் முள் 410 வாக்கில் நிற்க வேண்டும்.

முள் எழும்பவே இல்லை என்றால் பம்புக்குள் தண்ணீர் இல்லை, அல்லது பெரிய வழியாகக் காற்று வருகிறது. 410 இருக்க வேண்டியது 550, 600 என்று ஏறித் தண்ணீரும் குறைந்தால் கீழே அடைப்பு: சல்லடையில் பாசி, சிக்கிய மூடி, அல்லது கிணறே இறங்கிவிட்டது. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் சின்ன ஓட்டை, இல்லாவிட்டால் ஃபுட் வால்வுக்கு மேலே சுழி. முள் வழக்கத்தைவிடக் குறைவாக, ஆனால் ஆடாமல் நின்று தண்ணீரும் குறைவாக வந்தால் சக்‌ஷனை விட்டுவிட்டு டெலிவரி பக்கம் போங்கள். பாதி திறந்த கேட் வால்வோ, உப்புப் படிந்து குறுகிய குழாயோ, தேய்ந்த இம்பெல்லரோ இருக்கும். காற்று வழியைத் தனியே உறுதிசெய்ய, இம்பெல்லர் பம்பில் டெலிவரியை மூடி உடனே மோட்டாரை நிறுத்துங்கள். முள் அப்படியே நின்றால் காற்று புகவில்லை. மளமளவென்று பூஜ்யத்துக்கு இறங்கினால் எங்கோ வழி இருக்கிறது.

மோட்டார்தான் என்றால்

மோட்டாரின் மேல் பழி போடத் தகுந்த சந்தர்ப்பங்களும் உண்டு, ஆனால் அவற்றின் அடையாளமே வேறு. சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று முனகி, சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்துத் தாராளமாகச் சுற்றினால் கெப்பாசிட்டர். சுற்றவே மறுத்தால் துருவோ மணலோ இம்பெல்லரைப் பிடித்திருக்கிறது. மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் விட்ட பம்பில் இது வழக்கம். வோல்ட்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் மோட்டாரின் திருப்புவிசை 61 சதவீதத்துக்கு இறங்கிவிடும், வர்க்கக் கணக்கு. சாயங்காலம் மட்டும் தகராறு செய்கிற பம்புக்கு இதைப் பார்க்க வேண்டும்.

தோட்டத்து மூணு ஃபேஸ் பம்பில் ஒரு வேடிக்கை உண்டு. லைனில் வேலை பார்த்தவர்கள் இரண்டு வயரை மாற்றிப் போட்டுவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பிப் போகாது. அதே பக்கம்தான் வரும், ஆனால் சொற்பமாக. தண்ணீர் வருகிறதே என்று யாரும் திசையைச் சந்தேகிப்பதில்லை. கூட்டின் மேல் வார்த்திருக்கும் அம்புக்குறியைப் பார்த்து ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றினால் தீர்ந்தது. இம்பெல்லரை மரையால் திருகியிருக்கும் பம்பாக இருந்தால் எதிர்ச்சுற்றில் அது கழன்றே போகலாம், அதனால் தாமதிக்கக் கூடாது.

ஓடும்போது தண்ணீர் 25 அடிக்குக் கீழே போகிற கிணறு என்றால் மேற்சொன்ன எதுவும் உதவாது. பம்பைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோவதே முதல் வழி. கொங்குப் பக்கத் தோட்டக் கிணறுகளில் உள்ளே திட்டு கட்டி மோட்டாரைப் படிப்படியாக இறக்கியது அதற்குத்தான். இன்னொரு வழி ஜெட் பம்ப்; அது ஏற்றிய தண்ணீரில் ஒரு பகுதியைத் திருப்பிக் கீழே அனுப்பி, நாசில் வழியாகப் பீய்ச்சி, கிணற்றுத் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. வேலை நடக்கும், ஆனால் ஏற்றிய தண்ணீரையே மறுபடி ஏற்றுவதால் கரண்ட் செலவு கூடுதல். இன்றைக்குப் புதிதாக வாங்குவதானால் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளை இறக்கிவிடலாம் என்பது என் கட்சி.

எதைச் செய்வதானாலும் பழைய கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் பிராணவாயு இல்லாமல் கரியமிலவாயு தேங்கியிருக்கும். இறங்கியவர் மயங்க, தூக்கப் போனவரும் மயங்குவது ஆண்டுதோறும் செய்தியில் வருகிறது. எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. நச்சுவாயு இருந்தாலும் விளக்கு எரியும். பெட்ரோல், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டுவது அதைவிட மோசம். ஃபுட் வால்வைப் பார்க்க ஆள் இறங்கத் தேவையே இல்லை. கிணற்று மேட்டில், பம்புக்கு ஓர் அடி தள்ளி, ஒரு யூனியன் போட்டு வையுங்கள். ஃபுட் வால்வின் கழுத்தில் 10 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைக் கட்டி, மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டி வையுங்கள். யூனியனைக் கழற்றினால், இரண்டு பேர் சேர்ந்து கால் மணி நேரத்தில் குழாயோடு வால்வை மேலே கொண்டுவந்துவிடலாம். தண்ணீர் நிறைந்த ஒன்றரை அங்குலக் குழாய் கனமாக இருக்கும்.